வாலில் நெருப்பு: மாதிரி ஜெட் விமானம் தரையை விட்டு எழும்புமுன்

எலஹங்காவில் 1996 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் ஏரோ இந்தியா கண்காட்சியை ஒருமுறையாவது பார்க்காத பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பார்த்துவிட்டு வந்த வீடுகளில் சில சமயம் ஒரு விண்ணப்பம் கிளம்பும். பையன் பொறியியல் கல்லூரியில் படிப்பான். ரேடியோவால் இயக்கும் சிறு விமானங்களை நான்கைந்து வருடமாக ஓட்டிப் பழகியிருப்பான். "அப்பா, அடுத்தது நிஜ ஜெட்" என்பான். பொம்மைக்கா இத்தனை லட்சம் என்று அப்பா கேட்பார். அது தீப்பிடிக்குமா என்று அம்மா கேட்பார். அம்மா கேட்பதுதான் சரியான கேள்வி. ஆகவே அதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த விஷயத்தைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஜெட் போலத் தோற்றமளிக்கும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது மின்சார மோட்டாரும் ஒரு சின்ன விசிறியும்தான். நாம் பேசுவது அதுவல்ல. மண்ணெண்ணெயை எரித்து, வெப்பக் காற்றைப் பின்னால் பீய்ச்சி, அந்த உந்துதலில் பறக்கும் உண்மையான டர்பைன் என்ஜின். நடுத்தர அளவுள்ள ஒன்று ஒரு கிலோ எடை இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலைவிடச் சற்றுப் பெரிது. அது தரும் உந்துவிசையோ சுமார் 10 கிலோ!

உள்ளே நடப்பது என்ன? முன்பக்கம் ஒரு கம்ப்ரஸர் சக்கரம் காற்றை உறிஞ்சி, விளிம்பை நோக்கி வீசி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று வளைய வடிவமான எரி அறைக்குள் போகிறது. அங்கே சிறு குழாய்களில் எரிபொருள் ஆவியாகி எரிகிறது. வெளியேறும் சூடான வாயு, போகிற போக்கில் பின்னாலுள்ள டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. டர்பைனும் கம்ப்ரஸரும் ஒரே தண்டில் கோத்தவை. ஆக, பின்சக்கரம் சுழன்றால் முன்சக்கரம் மேலும் காற்றை இழுக்கும். ஒருமுறை பற்றிக்கொண்டால் எரிபொருள் இருக்கும்வரை ஓடும்.

ஃபிராங்க் விட்டில் இங்கிலாந்தில் 1930-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் இந்தத் தத்துவத்துக்குத்தான். ஜெர்மனியில் 1939 ஆகஸ்ட் 27 அன்று பறந்த முதல் ஜெட் விமானமான ஹைன்கல் 178-இன் என்ஜினிலும் இப்படி விளிம்பை நோக்கி வீசும் கம்ப்ரஸர்தான் இருந்தது. பெரிய விமானங்கள் பிறகு வேறு வழிக்குப் போய்விட்டன. இந்தப் பொடியன்கள் மட்டும் தாத்தாவின் வழியிலேயே நிற்கின்றன. இவற்றை வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்த பெருமையில் பெரும்பங்கு ஜெர்மானியர் குர்ட் ஷ்ரெக்லிங்குக்கு உரியது. அவர் செய்த என்ஜினின் கம்ப்ரஸர் சக்கரம் எதனால் ஆனது தெரியுமா? பிளைவுட்! அதன் மேல் கார்பன் இழை சுற்றியிருந்தார். அடுத்து வந்த கே.ஜே.-66 என்ற வடிவமைப்பில் கார் டர்போசார்ஜரின் 66 மில்லிமீட்டர் சக்கரம் பயன்பட்டது. உலகெங்கும் பொழுதுபோக்காளர்கள் அதைப் பார்த்துச் செய்தார்கள். முகாம் அடுப்புக்கான எரிவாயு டப்பாவையே மேலுறையாக மாட்டியவர்களும் உண்டு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அந்த 66 மில்லிமீட்டர் சக்கரம் நிமிடத்துக்கு 1,15,000 சுற்று சுழலும். விளிம்பின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகிறது. உள்ளங்கையில் அடங்கும் சக்கரத்தின் விளிம்பு ஒலியை முந்துகிறது! அப்படிச் சுழலும் உலோகம் உடைந்தால் துண்டுகள் முன்னாலோ பின்னாலோ போகாது, பக்கவாட்டில்தான் தெறிக்கும். இந்த ஒரு விஷயத்தை வீட்டிலுள்ள அனைவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். என்ஜின் ஓடும்போது அதன் பக்கவாட்டில், சக்கரம் இருக்கும் கோட்டில், யாரும் நிற்கக் கூடாது. படம் எடுக்கிறேன் என்று மாமா அங்கேதான் போய் நிற்பார்! விமானத்துக்கு நேர் பின்னாலும் நிற்கக் கூடாது. வெளியேறும் வாயு 600, 700 டிகிரி. முன்னாலும் கூடாது, துப்பட்டா, கைக்குட்டை, தொப்பி எது கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும். நிற்பதற்கு ஏற்ற இடம் முன்பக்கத்தில் ஓரமாக, பல மீட்டர் தள்ளித்தான்.

இன்று என்ஜினை யாரும் வீட்டில் கடைந்து செய்ய வேண்டியதில்லை. ஜெர்மனி, ஸ்பெயின், தைவான் போன்ற நாடுகளிலிருந்து முழுதாகவே வருகிறது. கூடவே ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் வரும். என்ஜினுக்குக் கார்புரேட்டர் கிடையாது. எரிபொருள் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் ஆக்ஸிலரேட்டர். சுழற்சியையும் வெளியேறும் வாயுவின் வெப்பத்தையும் கணந்தோறும் அளந்து, பம்புக்கு எவ்வளவு மின்சாரம் தரலாம் என்பதை அந்தக் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. பையன் கையிலுள்ள குச்சி உத்தரவிடுவதில்லை, வேண்டுகோள்தான் விடுக்கிறது.

அப்படியானால் கட்டுகிறவனுக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. உடல் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் அல்லது பால்சா மரமும் பிளைவுட்டும். என்ஜின் உட்காரும் சட்டத்தை எபாக்ஸி பசையால் ஒட்டுமுன் உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். வழவழப்பான ஃபைபர் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. என்ஜினிலிருந்து வால்வரை வெப்பத்தைக் கொண்டுபோகும் மெல்லிய உலோகக் குழாய் இரட்டைச் சுவர் கொண்டது. இரண்டு சுவருக்கும் இடையே குளிர்ந்த காற்று ஓடினால்தான் உடல் வேகாமல் இருக்கும். அது கோணலாக உட்கார்ந்தால் விமானமும் கோணலாகத்தான் பறக்கும்.

இறக்கை, வால் ஆகியவற்றின் மடிப்புகளை அசைக்கும் சர்வோ மோட்டார்களில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வோவின் பல் தேய்ந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. வாலின் இரண்டு பக்கங்களுக்கும் தனித்தனி சர்வோ, ரிசீவருக்கு இரண்டு பாட்டரி, இரண்டும் தனித்தனிச் சுவிட்சு என்று வைப்பது வழக்கம். ஒன்று படுத்தாலும் மற்றது தரைவரை கொண்டுவந்து சேர்க்கும்.

எரிபொருள் ஏற்பாடு மிகவும் கவனம் கேட்கும் இடம். பல விமானங்கள் விழுவதற்குக் காரணம் ஒரு காற்றுக்குமிழிதான். பம்பு மண்ணெண்ணெய்க்குப் பதில் காற்றை இழுத்தால் தீ அணைந்துவிடும். அணைந்ததை நடுவானில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பி யாரும் பறக்கக் கூடாது. அதனால் பெரிய டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சிறு டாங்கி வைக்கிறார்கள். அது எப்போதும் விளிம்புவரை நிரம்பியிருக்கும். பெரிய டாங்கியிலிருந்து வரும் குமிழிகளை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் கம்பியாலோ கிளிப்பாலோ இறுக்கி, ஒரு முறை ஊதிப் பார்த்து, பிறகு என்ஜினுக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டுப் பம்பை ஓட்டிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு உடம்பு அசதியில் இந்தச் சோதனையை விட்டவன், மறுநாள் வயலில் துண்டு பொறுக்கப் போவான்.

மண்ணெண்ணெய் என்றவுடன் ரேஷன் கடை ஞாபகம் வரக் கூடாது. நீலச் சாயம் கலந்து, டிரம் டிரம்மாக மாறி வருவதில் தூசியும் தண்ணீரும் இருக்கும். விமான எரிபொருளோ சுத்தமான மண்ணெண்ணெயோ வாங்கி இரண்டு முறை வடிகட்ட வேண்டும். பல என்ஜின்கள் டீசலையும் ஏற்கும். அதோடு என்ஜின் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணெயைக் கலக்க வேண்டும். பல என்ஜின்களுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது லிட்டருக்கு 50 மில்லி. இந்த என்ஜினில் தனி எண்ணெய்ப் பம்பு கிடையாது. எரிபொருளில் ஒரு சிறு பங்குதான் பேரிங்குகளுக்குப் போய் அவற்றை நனைக்கிறது. எண்ணெய் கலக்க மறந்து ஒரு டாங்கி ஓட்டினால் பேரிங் போய்விடும். கலந்த கேன் மேல் தேதி போட்டு எழுதி ஒட்டிவைப்பது நல்லது. சமையலறையில் அம்மா டப்பாக்களுக்குச் செய்வது போலத்தான்.

அடுத்தது எடை நடு. விமானத்தை இரண்டு விரல் நுனியில் தாங்கினால் அது எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ, அதுதான் எடை நடு. அது திட்டப்படத்தில் குறித்த இடத்தில் விழ வேண்டும். பெரிய டாங்கியைக் காலி செய்து, சிறு டாங்கியை மட்டும் நிரப்பி, சக்கரங்களை இறக்கிய நிலையில் பார்க்க வேண்டும். ஏன் காலியாக? பெரும்பாலான மாதிரிகளில் டாங்கி எடை நடுவை ஒட்டியோ சற்று முன்னாலோ இருக்கும். 3 லிட்டர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய இரண்டரை கிலோ. அது தீரத் தீர எடை பின்னால் நகரும். நிரப்பிப் பார்த்துத் திருப்தி அடைந்தவனுக்கு, இறங்கும் நேரத்தில் விமானம் வால் கனத்துத் தள்ளாடும். மூக்கு கனத்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான்; வால் கனத்தால் பறக்கவே விடாது. குறை இருந்தால் ஈயம் வைக்குமுன் பாட்டரிகளை முன்னால் நகர்த்திப் பார்க்கலாம்.

பெங்களூர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது நம் ஊரின் உயரம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். என்ஜின் பெட்டியில் அச்சிட்ட உந்துவிசை, கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் கிடைப்பது. இங்கே 30 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி அதைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைவு. 10 கிலோ என்று வாங்கிய என்ஜின் எட்டரைதான் தரும். அது மட்டுமா? மெலிந்த காற்றில் இறக்கை தூக்குவதற்கு வேகமும் எட்டு சதவீதம் கூட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 150 மீட்டரில் எழும்ப வேண்டியது 200 மீட்டர் கேட்கும். வெளிநாட்டுப் படத்தில் பார்த்த நீளத்தை நம்பி இங்கே இடம் தேர்ந்தெடுப்பது ஆபத்து. டில்லி அன்பர்கள் சிரிக்க வேண்டாம். மே மாத மத்தியானத்தில் உங்கள் காற்றும் ஏறக்குறைய இதே கதிதான். காலை ஏழு மணிக்குப் பறப்பது எல்லோருக்கும் நல்லது.

இடம் என்றதும் சட்டம் வருகிறது. 2021-இல் வந்த டிரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாமல், கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ கண்பார்வைக்குள் இயக்கும் மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த வரைபடம் எல்லோருக்கும் பொது. ஜக்கூர், எலஹங்கா, பழைய எச்.ஏ.எல். நிலையம், தேவனஹள்ளி என்று பல விமானத் தளங்கள் உள்ள ஊரில் வரைபடம் பார்க்காமல் கிளம்புவது விவேகமல்ல.

பறக்கும் நாள் காலையில் முதலில் ரேடியோ சோதனை. டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்து, நண்பன் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, நடந்து விலகிப் போய்ப் பார்க்க வேண்டும். என்ஜின் நின்றிருக்கும்போது ஒரு தரம், ஓடும்போது ஒரு தரம். ரேடியோ தொடர்பு அறுந்தால் என்ஜின் தானே அணையும்படி அமைத்திருக்க வேண்டும். அமைத்ததாகச் சொன்னால் போதாது. தரையில் டிரான்ஸ்மிட்டரை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் பார்த்தே தீர வேண்டிய சோதனை என்று நான் சொல்வது இதைத்தான். ஆளில்லாமல் 10 கிலோ எடையும் எரிபொருளும் எங்கேயோ போய் விழுவதைவிட, உந்துதல் இல்லாமல் அருகிலேயே விழுவது மேல்.

பிறகு தரையைப் பெருக்க வேண்டும். ஆம், துடைப்பத்தால்தான். ஒரு கூழாங்கல் உள்ளே போனால் கம்ப்ரஸர் சக்கரம் சிதைந்துவிடும். காய்ந்த புல் இருந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையெட்டும் தூரத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் இருக்க வேண்டும். தூள் வகை தீயை அணைக்கும், ஆனால் என்ஜினையும் சேர்த்து அழித்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஓர் ஆள் வேண்டும்; அவருக்கு வேறு வேலை தரக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். சின்ன மோட்டார் தண்டைச் சுழற்ற, பொறிச்சுருள் சிவக்க, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் போகும். வெப்பம் ஏறியதும் பற்றிக்கொண்டது என்று புரிந்து பம்பை மெல்லக் கூட்டும். ஒரு நிமிடத்துக்குள் நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு அருகில் நின்று சீறும். பற்றாமல் போனால்தான் கவனம் வேண்டும். உள்ளே தேங்கிய எரிபொருள் அடுத்த முயற்சியில் ஒரேயடியாகப் பற்றி, வாலில் பெரிய ஜுவாலை வரும். மீண்டும் முயலுமுன் விமானத்தைச் சாய்த்துத் தேங்கியதை வடித்துவிட வேண்டும். தீ தங்கினால் வாயுவை முன்பக்க வாயில் அடிக்க வேண்டும். காற்று போகும் வழியிலேயே அது உள்ளே போய் அணைக்கும்.

பெட்ரோல் என்ஜினில் பழகியவனுக்கு இன்னொரு பாடம். டர்பைன் உடனே பதில் சொல்லாது. குச்சியைத் தள்ளிய பிறகு முழு விசை வர மூன்று நான்கு விநாடி ஆகும். இறங்கும்போது தாழ்ந்துவிட்டது என்று கண்டபின் தள்ளினால் பயனில்லை. முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அதனால்தான் முதல் ஜெட், ராணுவ விமானத்தின் நகலாக இல்லாமல் பெரிய இறக்கையுள்ள பயிற்சி மாதிரியாக இருக்கட்டும் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். 2017-இல் ஜெர்மனியில் ஒரு மாதிரி ஜெட் மணிக்கு 749 கிலோமீட்டர் பறந்து கின்னஸ் சாதனை செய்தது உண்மை. அது நம் பையனின் முதல் விமானம் அல்ல.

முழு விசையில் நிமிடத்துக்கு 300 முதல் 400 மில்லி எரியும் என்பதால் 3 லிட்டர் டாங்கிக்கு எட்டு நிமிடத்தில் மணி அடிக்கும்படி வைத்து, மிச்சம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். செலவு என்று பார்த்தால், என்ஜின் மட்டும் இறக்குமதி வரியோடு இரண்டு லட்சத்தைத் தாண்டும். விமானம், சர்வோ, ரேடியோ எல்லாம் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள்தான் நம் குடும்பங்களுக்கு ஏற்றவை என்பது என் எண்ணம். பணம் மட்டுமல்ல, தீயணைப்பான் பிடிக்கவும் ஆள் கிடைக்கும்.

இறங்கி நின்று என்ஜினை அணைத்த பிறகும் ஓடிப்போய்த் தொடக் கூடாது. உள்ளே உள்ள சூட்டில் பேரிங் வெந்துவிடாமல் இருக்க, ஸ்டார்ட்டர் மோட்டார் விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். வெப்பம் 100 டிகிரிக்குக் கீழே வந்ததும் தானே நின்றுவிடும். அதன் பிறகு சுவிட்சை அணைத்து, மிச்ச எரிபொருளை வடித்து, இறக்கைகளைக் கழற்றலாம்.