பதினைந்து நாள் கணக்கு

எங்கட கிராமப் பாடசாலைகளில் பருவ வயதுப் பிள்ளைகளுக்கு இனப்பெருக்கச் சுகாதாரம் கற்பிக்கப்படுவதே இல்லை என்பார்கள். முழு உண்மை அதுவல்ல. சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 6 முதல் 9 வரை எல்லோருக்கும் உள்ள பாடம். பருவமடைதல் பற்றிய பகுதி வந்ததும், "இத வீட்ட போய் வாசிங்க" என்று பல வகுப்புகளில் பக்கம் புரட்டப்படுகிறது. தரம் 10இல் அது தெரிவுப் பாடமாகிவிடும். தெரிவு செய்யாத பிள்ளைக்கு அதோடு முடிந்தது.

ஆனால் அதே பிள்ளைகள் ஹைள், இஹ்திலாம், கடமையான குளிப்பு எல்லாம் மத்ரஸாவிலோ அஹதியாவிலோ படித்தவர்கள்தான். அங்கே வெட்கம் குறுக்கே வருவதில்லை. ஒரு கணக்கு தெரிந்து மற்றது தெரியாமல் போவதால் வரும் ஆபத்தை, கிராமத்தில் சுகாதாரம் கற்பிப்பவள் என்ற வகையில் நான் அடிக்கடி காண்கிறேன்.

தரம் 9 மாணவி ஒருத்தி காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். விசாரித்தால், பன்னிரண்டு நாளாக நிற்கவில்லை. "உம்மாக்கிட்டச் சொன்னியா?" என்றேன். "சொன்னன் டீச்சர். பதினஞ்சி நாளைக்குள்ளதானே, ஒண்டுமில்லயாம்."

உம்மா சொன்ன கணக்கில் பிழையில்லை. ஷாஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு ஒரு நாள், கூடிய அளவு 15 நாள், வழமையாக 6 அல்லது 7 நாள். ஆனால் அந்த எல்லை எதற்கு? எந்த நாளில் தொழுகை இல்லை, எந்த நாளில் குளித்துத் தொழ வேண்டும் என்று அறிவதற்கு. உடம்பு நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது விடையல்ல. 7 நாளைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு.

பெரிய பிள்ளையான முதல் இரண்டு மூன்று வருடங்களில் ஒழுங்கில்லாமல் வருவது சாதாரணம். அப்போது மாதந்தோறும் முட்டை வெளியாவதில்லை. முட்டை வெளியானால்தான் கருப்பையின் உட்படலத்தைக் கட்டுக்குள் வைக்கும் புரொஜெஸ்தரோன் போதியளவு சுரக்கும். அது இல்லாதபோது படலம் தடித்து, நினைத்த நேரத்தில் உதிர்ந்து, நாட்கணக்கில் போகும். இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. சோறு தின்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற எங்கட பழக்கம், சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கிறது. பிள்ளை படிப்பில் பின்தங்கினால், "சோம்பேறி" என்று ஏச்சு வேறு.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) தமக்கு இரத்தம் நிற்காமல் போவதைப் பற்றி நபிகளாரிடம் நேரடியாகவே கேட்டார்கள். அது ஹைள் அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று விளக்கம் கிடைத்தது. இரத்தப்போக்கு எல்லாம் ஒன்றல்ல என்பது மார்க்கத்திலேயே இருக்கும் பாடம். தொடர் இரத்தப்போக்கின் சட்டத்துக்குத் தன் வழமையான நாட்கள் எத்தனை என்று பெண் அறிந்திருப்பதும் தேவை. ஆகவே நான் கலண்டரில் இருந்துதான் பாடத்தைத் தொடங்குகிறேன். தொடங்கிய நாள், நின்ற நாள், எத்தனை பேட். தொழுகைக்கும் வைத்தியருக்கும் அந்த ஒரே குறிப்பு போதும். "புள்ளைகளக் கெடுக்கப் போறீங்க" என்று வந்த உம்மாமாருக்கும் அந்தக் கலண்டரைத்தான் காட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் தங்களுடைய சந்தேகங்கள்!

ஆண்பிள்ளைகளுக்கு ஆண் ஆசிரியர் தனியே சொல்வது நல்லது. இஹ்திலாமால் உடம்பு வற்றிவிடும் என்று பயந்து, மருந்து விளம்பரத்துக்குக் காசு சேர்க்கிற பையன்கள் இருக்கிறார்கள். அது நோயில்லை. குளித்துவிட்டுத் தொழ வேண்டியதுதான்.

இன்னொரு எண்ணும் உண்டு. அடையாளம் எதுவும் தோன்றாவிட்டாலும் சந்திரக் கணக்கில் 15 வயதானவர் பாலிக் என்பது ஷாஃபி சட்டம். அது நாம் எண்ணும் வருடத்தில் ஏறத்தாழ பதினாலரை. அந்த வயதில் தொழுகை கடமையாகிவிடும். ஆனால் 15 வயதாகியும் மாதவிடாய் வராத பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் எங்கே காட்டுவது என்று வழி சொல்லுவார்.