வெள்ளித்தூள் சாக்கடைக்குப் போவதில்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிப் பட்டறை ஒன்றில் வேலை முடிந்ததும் தரையைக் கூட்டுவார்கள். கூட்டிய மண்ணை யாரும் தெருவில் கொட்டுவதில்லை. அரத்தூள், கம்பி நறுக்கு, கை கழுவிய தண்ணீரின் வண்டல் என எல்லாம் ஒரு டப்பாவில் சேரும். நிறையச் சேர்ந்ததும் கழுவி உருக்கினால் வெள்ளி திரும்பக் கிடைக்கும். அதே பட்டறையில் பற்றவைத்த கொலுசின் மேல் கருப்பும் வெங்காரமும் படிந்திருக்கும். அதை எடுக்க, கொலுசை நீர்த்த திராவகத்தில் போட்டு வெளுக்க வைப்பார்கள். தாமிரம் கரைந்து நீலம் பாய்ந்த அந்தத் தண்ணீரை வாங்க ஆள் இல்லை. சேர்த்து வைக்க இடமும் இல்லை. பல இடங்களில் அது வாசலில் ஓடும் சாக்கடைக்குத்தான் போகிறது.

சேலத்தின் மாசு பற்றிய கதை முழுவதும் இந்தப் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அலட்சியமாக இருப்பவர்கள் அல்ல இவர்கள். ஒரு குன்றிமணி வெள்ளியை விடாமல் பொறுக்குகிறவர்கள். விலை உள்ள எதுவும் இங்கே சாக்கடைக்குப் போவதில்லை. விலை இல்லாததுதான் போகிறது.

அந்தச் சாக்கடை எங்கே போகிறது? திருமணிமுத்தாற்றுக்கு. சேர்வராயன் மலையின் மஞ்சவாடிப் பக்கம் பிறந்து, சேலம் நகரை ஊடறுத்து, உத்தமசோழபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, நன்செய் இடையாறு அருகே காவிரியில் சேரும் ஆறு இது. முத்து கிடைத்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது ஊரில் சொல்லும் கதை. சுகவனேசுவரர் கோயிலும் இதன் கரையில்தான். இன்று நகருக்குள் இதை ஆறு என்று சொல்பவர்கள் குறைவு. பலருக்கு இது பெரிய சாக்கடை.

ஆற்றின் நிலையை அதிகாரிகள் அளப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீரில் உள்ள கழிவை நுண்ணுயிர்கள் தின்று செரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று பார்ப்பார்கள். பி.ஓ.டி. என்பது இதுதான். கழிவு கூடினால் இந்தத் தேவை கூடும். நுண்ணுயிர்களே ஆக்சிஜனைக் குடித்துவிட்டால் மீனுக்கு மிஞ்சாது. குளிக்கத் தகுந்த ஆற்று நீரில் இது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆற்றுப் பகுதியை முதல் முன்னுரிமைப் பட்டியலில் வைக்கிறது. 2018-இல் வாரியம் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் ஆறு பகுதிகள்: காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. இவற்றில் கடைசி மூன்றும் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை. மூன்றும் முதல் முன்னுரிமைப் பட்டியலில் இருந்தன. முன்னுரிமை என்ற சொல் கேட்க நன்றாக இருக்கும். இங்கே அதன் பொருள் மிக மோசம் என்பது.

அந்தப் பட்டியல் பத்திரிகையில் செய்தியாக வந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு மாநிலமும் நான்கு அதிகாரிகள் கொண்ட ஆறு மீட்புக் குழுவை அமைத்து, குளிக்கத் தகுந்த நிலைக்கு ஆற்றைக் கொண்டுவரத் திட்டம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2019 டிசம்பரில் தண்டத்தையும் சேர்த்தது. சுத்திகரிக்காத கழிவுநீரைத் தடுக்க இடைக்கால ஏற்பாடுகூடச் செய்யாத ஒவ்வொரு கால்வாய்க்கும் மாதம் ரூ.5 லட்சம். கெடு தாண்டியும் இயங்காத ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் மாதம் ரூ.10 லட்சம். அடி பலமானதுதான். ஆனால் உள்ளாட்சி கட்டும் தண்டம் கடைசியில் வரி கட்டும் வீட்டின் பணம் என்பதையும் மறக்கக் கூடாது.

சட்டத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1974-இலேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 1982-இல் தமிழ்நாட்டின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உருவானது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் ஆலைகள் புதிதாக வரக்கூடாது என்று 1989-இல் மாநில அரசு ஆணையிட்டது. காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் 1998-இல் அந்த எல்லையை 5 கிலோமீட்டராக நீட்டியது. ஆணை தாளில் இருக்க, ஆற்றோரம் அனுமதி இல்லாத சாயப்பட்டறைகள் முளைத்தபடி இருந்தன. அதிகாரிகள் வருவார்கள், மின் இணைப்பைத் துண்டிப்பார்கள், தொட்டியை இடிப்பார்கள். சில மாதம் கழித்து வேறொரு தோட்டத்துக் கொட்டகையில் அதே அடுப்பு எரியும்.

ஏன் இப்படி? சாயப்பட்டறையின் கணக்கைப் பார்க்க வேண்டும். நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும், சோடா வேண்டும், ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். வெளியே வரும் நீரில் நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. நிறத்தை எடுப்பது சுலபம். உப்பை எடுக்கத்தான் செலவு. சவ்வு வழியே அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. எந்திரம், மிச்சத்தைக் கொதிக்க வைத்து வற்றவைக்கும் ஆவியாக்கி, மிஞ்சும் உப்புக் கசடைப் பத்திரப்படுத்த இடம். சொட்டு நீரும் வெளியே போகாத இந்த ஏற்பாட்டை நான்கைந்து தொட்டி வைத்திருக்கும் சிறு பட்டறைக்காரர் தனியாக எப்படி வைப்பார்? வைத்தவர் சாயக்கூலியைக் கூட்ட வேண்டும். வைக்காதவர் குறைந்த கூலிக்கு வேலையைப் பிடித்துக்கொள்வார். நேர்மையாக இருப்பவருக்கு நட்டம் வரும்படி சந்தை இருக்கும்போது, ரெய்டு மட்டும் ஆற்றைக் காப்பாற்றாது.

திருப்பூர் இதைக் கசப்பான வழியில் கற்றது. நொய்யல் ஆற்றில் சாயநீர் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே உள்ள விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. ஒரு நகரத்தின் தொழிலே நின்றது. அதன்பின் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக ரூ.200 கோடி தந்தது. இன்று அந்த நிலையங்கள் தண்ணீரை மட்டுமல்ல, உப்புக் கரைசலையும் மீட்டு அதே பட்டறைகளுக்குத் திருப்பி அனுப்புகின்றன. உப்புக்கு விலை வந்ததும் அது ஆற்றுக்குப் போகும் அளவு குறைந்தது. திருப்பூரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டாகச் செய்ததால் மட்டுமே அங்கே அது முடிந்தது. சேலத்தின் தறிக்கும் சாயத்துக்கும் அந்த வழிதான் பொருந்தும் என்பது என் கருத்து.

விலை உள்ளது ஆற்றுக்குப் போகாது என்ற உண்மை ஜவ்வரிசி ஆலைகளில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பால் எடுத்து, மாவு படிய விடுவார்கள். சக்கையான திப்பிக்கு விலை உண்டு. அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும், ஒரு கைப்பிடிகூட வீணாகாது. ஆனால் மாவுக்கு மேல் நிற்கும் புளித்த தண்ணீர் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்தது. ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்களுக்கு விருந்து, மீனுக்குச் சாவு. வசிஷ்ட நதி நொந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். அதே தண்ணீரைக் காற்று புகாத கலனில் அடைத்தால் எரிவாயு வருகிறது. அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கலாம், மாவு உலர்த்த அடுப்பும் எரிக்கலாம். கலன் வைத்த ஆலைக்கு விறகுச் செலவும் மின்கட்டணமும் குறையும். திறந்த குட்டையில் அழுகவிட்டால் அதே வாயு மீத்தேனாக வானத்துக்குப் போகும். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது. நாற்றம், நதி, பருவநிலை மூன்றுக்கும் ஒரே கலன் மருந்தாகிறது.

நகரத்தின் பெரிய பங்குக்கு வருவோம். பட்டறைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. திருமணிமுத்தாற்றில் ஓடுவதில் பெரும்பகுதி நம் வீட்டுக் கழிவுநீர். 2011 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த மாநகராட்சி இது. பாதாளச் சாக்கடைத் திட்டம் ஆண்டுக்கணக்காக இழுத்தது. வெள்ளக்குட்டை, ஆனைமேடு போன்ற இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் திட்டமிடப்பட்டன. நிலையம் கட்டுவது பாதி வேலைதான். ஒவ்வொரு வீட்டுக் குழாயும் தெருவுக்கு அடியில் உள்ள குழாயோடு சேர்ந்தால்தான் நிலையத்துக்கு வேலை வரும். சேராத வரை கழிவு பழைய பாதையிலேயே ஆற்றைத் தேடிப் போகும்.

2016-இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. அந்தப் பணத்தில் நகருக்குள் ஆற்றோரம் கான்கிரீட் தடுப்புச் சுவர் எழுந்தது. சுவருக்கு ஒரு பயன் உண்டு: ஆக்கிரமிப்பு மேலும் உள்ளே வராது. ஆனால் சுவர் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. நகரத்தில் உள்ள எத்தனையோ வாய்க்கால்கள் அந்தச் சுவரின் துளைகள் வழியாகத்தான் இன்னும் உள்ளே இறங்குகின்றன. செலவழிக்கிற ரூபாயில் முதல் பங்கு அந்த வாய்க்கால்களின் வாயில் போயிருக்க வேண்டும்.

மழை வந்தால் இந்தப் பிழை வீட்டுக்குள் வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்தது. அடிவாரத்து ஓடைகள் எல்லாம் திருமணிமுத்தாற்றை நிரப்பின. ஆறு சாக்கடையாக இருந்தால் வெள்ளமும் சாக்கடையாகத்தான் வரும். தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சும் சேறு, நாற்றம், வாந்திபேதி எல்லாவற்றையும் கரையோரக் குடிசைகள்தான் முதலில் சுமக்கின்றன. சூடேறும் கடலால் இப்படிப்பட்ட பெருமழை கூடும் என்று அறிவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வெயிலும் அப்படித்தான். 2024-இல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. தகரக் கூரைக்கு அடியில் எரிவாயு ஊதி கொலுசு பற்றவைப்பவருக்கு ஏப்ரல் மாதம் என்றால் என்ன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளத்தைத் தாங்குவதற்குச் சேலத்தின் முன்னோர் வைத்த ஏற்பாடு ஏரி. மலையிலிருந்து ஓடி வரும் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் வாங்கி நிறுத்தின. பலவற்றில் வீடும் குப்பையும் ஏறிவிட்டன. ஆனால் மீட்க முடியும் என்பதற்கும் ஊரிலேயே சான்று இருக்கிறது. கன்னங்குறிச்சி மூக்கனேரியைச் சேலம் மக்கள் குழு 2010-இல் கையில் எடுத்தது. வண்டலை வாரி, ஏரிக்குள்ளேயே திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். இப்போது அங்கே பறவைகள் தங்குகின்றன.

சென்னையில் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. காலநிலை மாற்ற இயக்கம், ஈரநில இயக்கம், 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் எல்லாம் வந்தன. பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்கு உயர்த்துவது கடைசி இயக்கத்தின் இலக்கு. மாவட்டந்தோறும் ஆட்சியரே காலநிலை இயக்கத்துக்குத் தலைமை தாங்குகிறார். நடந்தாய் வாழி காவேரி திட்டத்தில் திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்ந்துள்ளன. நல்லவைதான். ஆனால் இந்த இயக்கங்கள் எதுவும் செவ்வாய்ப்பேட்டைச் சந்தின் சாக்கடை வரை இறங்கி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் தடைகூட லீ பஜார் போன்ற மொத்தச் சந்தையில்தான் ஜெயிக்கவும் தோற்கவும் முடியும். சில்லறைக் கடைக்காரரின் கையில் இருக்கும் பை அங்கிருந்துதானே வருகிறது.

தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறேன். நீலம் பாய்ந்த திராவகத் தண்ணீரில் பழைய இரும்புத் துண்டைப் போட்டால் இரும்பு கரையும், தாமிரம் செந்நிறமாக வெளியே படியும். பள்ளியில் செய்து காட்டும் சோதனைதான் இது. மிச்சத்தில் சுண்ணாம்பைக் கலந்தால் அமிலம் அடங்கும், மற்ற உலோகங்களும் அடியில் தங்கும். அந்தக் கசடைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இது பெரிய வேலை. நூறு பட்டறைக்கு ஒன்றாகச் செய்தால் சின்ன வேலை. பால் வண்டி போல ஒரு வண்டி காலையில் தெருத்தெருவாகக் கேன்களை வாங்கிக்கொண்டு போகலாம். மாநகராட்சி ஒரு கொட்டகை தரலாம், வாரியம் ஓர் ஆய்வாளரை அமர்த்தலாம், மீளும் தாமிரத்தின் காசைப் பட்டறைக்காரர் சங்கம் பங்கிடலாம்.

மழைக்காலத்தில் நாமக்கல் மாவட்டத்து மதியம்பட்டிப் பாலத்தருகே திருமணிமுத்தாறு வெண்ணுரை மூட்டையாகப் பொங்கி வருவதைச் செய்திகளில் பார்க்கிறோம். சோப்பும் சாயநீரும் வெள்ளத்தோடு விழுந்து கலங்கி எழுந்த நுரை அது. சேலத்துக் கழிவு அங்குள்ளவர்களின் கிணற்றுக்குள் இறங்குகிறது. ஜவ்வரிசி, கொலுசு, வேட்டி எல்லாவற்றையும் நாம் விற்றுக் காசாக்குகிறோம். அவற்றின் மிச்சத்தைச் சுமக்கும் அந்த உழவர்களுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை.