கொடுப்பனவுக்கு முன் ஒரு திருத்தம்

சமூக ஊடகத் தளங்கள் தம் பயனாளர்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபின், அவற்றில் வெளியாகும் ஆக்கங்களின் தரம் பற்றிய கேள்வி, அப்பணம் எந்த அளவையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்ற கேள்வியோடு பிரிக்க முடியாதபடி இணைந்துவிட்டது. யூடியூப் 2007-இல் தொடங்கிய பங்காளர் திட்டத்தில், நீண்ட காணொளிகளோடு காட்டப்படும் விளம்பரங்களின் வருவாயில் 55 விழுக்காடு ஆக்கியவருக்குச் சேர்கிறது. குறுங்காணொளிகளுக்கு 2023 பெப்ரவரி முதல் 45 விழுக்காடு என்ற கணக்கில் பகிரப்படுகிறது. 2018-இல் வகுக்கப்பட்ட விதியின்படி, நீண்ட காணொளிகளைக் கொண்டு விளம்பரப் பங்கைப் பெற விரும்பும் ஓர் அலைவரிசைக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் இருக்க வேண்டும். எண்ணப்படுபவை பார்வைகளும், பார்த்த நேரமும், விளம்பரத்தின் விலையுமே. சொல்லப்பட்டது உண்மையா என்பதற்கு இந்தக் கணக்கில் நேரடியான இடம் இல்லை.

விளம்பரத்தின் விலையோ பார்வையாளர் வாழும் நாட்டைப் பொறுத்து மாறுவது. ஒரே காணொளியை ஆயிரம் பேர் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிலும் ஆயிரம் பேர் டொரொன்டோவிலும் பார்த்தால், பெரும்பாலும் டொரொன்டோவின் ஆயிரமே கூடுதலாகப் பெற்றுத் தரும் என்பதால், திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி இயங்கும் ஒரு படைப்பாளர், ஊரை விட்டுச் சென்று பல ஆண்டுகளான புலம்பெயர்ந்தோரை நோக்கிப் பேசுவது இயல்பாகிவிடுகிறது. பிரிந்த ஊரின் கடற்கரையையும் கோயில் மணியோசையையும் காண ஒருவர் ஏங்குவதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும், பணம் வரும் இடமும் பிழை புலப்படும் இடமும் இதனால் வெகுதூரம் விலகிவிடுகின்றன. அம்மாவட்டத்தின் கன்னியாவிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிச் சொல்லப்படும் தவற்றை உடனே கண்டுகொள்ளக்கூடியவர் அவ்வழியே நாள்தோறும் போய்வருபவர்தான். ஆனால் அவருடைய பார்வைக்கு விலை குறைவு, அவருடைய மறுப்புக்கோ விலையே கிடையாது.

திருகோணமலையின் சுவாமிமலையில் உள்ள பிளவை மக்கள் இராவணன் வெட்டு என்று அழைப்பதும், கன்னியாக் கிணறுகள் இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்று சொல்வதும் தலைமுறைகள் காத்துவந்த மரபாகும். மரபை மரபென்றே சொல்லும் காணொளி போற்றத்தக்கது, அதையே ஆய்வாளர்கள் மெய்ப்பித்துவிட்ட வரலாறு என்று தலைப்பிடுவது கேட்பவரை ஏமாற்றுவது. போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகள் கடலடியில் கிடப்பதை, 1956-இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் அறிந்து வெளிப்படுத்திய செய்தி எந்தப் புனைவையும்விட வியப்பூட்டுவது. ஆனால் அதைச் சரியாகச் சொல்ல முனைபவர் போர்த்துக்கேயர் எழுதிவைத்தவற்றையும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலையும் பார்க்க வேண்டும், அக்கடலில் மூழ்கிப் பழகியவர்களைத் தேடிக் கேட்க வேண்டும். இதற்குச் செலவாகும் வாரங்களுக்குத் தளம் தனியாக எதுவும் தருவதில்லை.

இது வெறும் வரலாற்றுச் சிக்கலாக நின்றிருந்தால் பொறுத்திருக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையால் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து தாழ்நிலக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது போன்றதொரு வேளையில், எந்தப் பாதை மூழ்கியது, எங்கே படகு வருகிறது என்பது உயிரோடு தொடர்புடைய செய்தியாகும். அந்நேரத்தில் பழைய வெள்ளத்தின் படத்தைப் புதியதென்று இடுபவரையும், இடுப்பளவு நீரில் நின்று பதிவு செய்தவரையும் பார்வைக் கணக்கு வேறுபடுத்திக் காண்பதில்லை. முந்திக்கொண்டவருக்கே அது கூடுதலாகத் தரும்.

தரத்தை வாசகரின் வாக்கால் அளக்கலாம் என்ற எண்ணத்தை 2016-இல் தோன்றிய ஸ்டீமிட் தளம் செயல்படுத்திப் பார்த்தது. அங்கு ஒரு பதிவுக்கு ஏழு நாட்கள் வாக்குகள் சேர்ந்து, பின்னரே தளத்தின் சொந்த மின்னணு நாணயத்தில் ஊதியம் வழங்கப்பட்டது. வாக்கின் பெறுமதி ஒருவர் தளத்தில் முடக்கியிருந்த நாணயத்தின் அளவைப் பொறுத்தது என்பதால், பெருந்தொகை வைத்திருந்தோர் தமக்குத் தாமே வாக்களித்தனர். விலைக்கு வாக்களிக்கும் தானியங்கிக் கணக்குகளும் பெருகின. 2019-இல் எதிர்வாக்கை எளிதாக்கிய மாற்றம் வந்தபோதும், செல்வமும் மதிப்பீடும் ஒரே கையில் இருந்த அடிப்படைக் குறை நீங்கவில்லை.

தமிழில் இதைவிடப் பயனுள்ள பாடம் ஒன்று உண்டு. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, இலங்கையரான இ. மயூரநாதன் உள்ளிட்ட தன்னார்வலர்களின் ஊதியமற்ற உழைப்பால் வளர்ந்தது. 2009 அளவில் கூகுள் நிறுவனம், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி அதில் சேர்க்கத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன, தமிழோ இயந்திரத்தன்மையோடு இருந்தது. தலைப்புகளைத் தமிழ் வாசகரின் தேவை தீர்மானிக்கவில்லை. எழுதியவர்கள் பேச்சுப் பக்கங்களில், அதாவது கட்டுரையின் குறைநிறைகளை விவாதிக்கும் பகுதியில், பெரும்பாலும் தென்படவில்லை. வங்காள விக்கிப்பீடியா இத்தகைய முயற்சியை மறுத்துவிட, தமிழ் விக்கிப்பீடியர்கள் நிறுவனத்தோடு பேசி, தலைப்புத் தேர்விலும் பிழைதிருத்தத்திலும் தம் சொல் எடுபடும்படி செய்ய முயன்றனர்; இந்த அனுபவத்தை அவர்களுள் ஒருவரான அ. இரவிசங்கர் 2010-இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் மதிப்பாய்வாக முன்வைத்தார். பணம் அங்கும் பாய்ந்தது, ஆனால் படித்துத் திருத்துபவரின் குரலுக்குக் கொடுப்பவர் செவிசாய்க்க வேண்டிய நிலை உண்டானது.

அக்குரலைக் கொடுப்பனவோடு நேரடியாக இணைத்தது எக்ஸ் தளமாகும். 2023 அக்டோபரில், சமூகக் குறிப்பால் திருத்தப்பட்ட பதிவுக்கு வருவாய்ப் பங்கு கிடையாது என்று அது அறிவித்தது. சமூகக் குறிப்பு என்பது ஒரு பதிவின் தவற்றைச் சுட்டிப் பயனாளர்களே எழுதும் சிறு விளக்கம். வழக்கமாக ஒருவரோடொருவர் முரண்படுவோர் சேர்ந்து பயனுள்ளது என்று மதித்தால்தான் அது அனைவருக்கும் காட்டப்படும், ஒரு தரப்பின் ஆட்தொகை மட்டும் போதாது. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்னும் மூன்று சமூகங்களில் எதுவும் 2012 கணக்கெடுப்பில் பாதியை எட்டாத திருகோணமலை மாவட்டத்துக்கு, இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டைக் காண்பது அரிது. கன்னியாவின் நிலம் குறித்து 2019-இல் எழுந்தது போன்ற சர்ச்சைகளில் ஒவ்வொரு தரப்பும் தன் தரப்பாருக்கே பேசிப் பார்வைகளைத் திரட்ட முடியும். மூன்று தரப்பாரும் ஒப்பும் ஒரு வரியை எழுதுவது கடினம், அந்தக் கடினத்துக்கே மதிப்பளிக்க வேண்டும். இக்குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் உரிய நேரத்தில் எழுதப்படாவிட்டால் ஏற்பாடு ஏட்டளவில் நிற்கும் என்பதும் உண்மையே.

திருத்தத்தால் தீராத பிழையும் ஒன்று இருக்கிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் பெருகியுள்ள உதவிக் காணொளிகளில், அரிசிப் பையை வாங்கும் தாயின் முகமும் அழுகையும் காட்டப்படும்போது, சொல்லப்படும் செய்தி முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாய் மறுக்கும் நிலையில் இல்லாதபோது பெறப்பட்ட இசைவு இசைவாகாது. இத்தகைய காணொளிகளில் முகம் காட்டுவதை விளம்பர வருவாய்க்கு உட்படாததாக்குவது ஒன்றே நேர்மையான விதியாகத் தோன்றுகிறது.

2025 யூலையில் யூடியூப் தன் விதியைத் திருத்தி, ஒரே அச்சில் பெருமளவில் உற்பத்தி செய்யப்படும் காணொளிகள் வருவாய்க்குத் தகுதியற்றவை என்பதைத் தெளிவுபடுத்தியது. படியெடுத்தலை அது தடுக்கும். ஒருவர் தாமே முயன்று எடுத்த, ஆனால் தவறான காணொளியை அது தொடாது. அத்தகைய தவற்றைத் திருத்துவதற்கான கால இடைவெளி கொடுப்பனவு முறையிலேயே ஏற்கெனவே இருக்கிறது: ஒரு மாதத்து வருவாய் உடனே கைக்கு வருவதில்லை, 100 டொலர் என்ற எல்லையைக் கடந்த கணக்குகளுக்கு அடுத்த மாதம் 21-ஆம் திகதிக்கும் 26-ஆம் திகதிக்கும் இடையிலேயே அனுப்பப்படுகிறது. அந்த மூன்று வாரங்களுக்குள் மூதூர் ஆசிரியர் ஒருவரோ, நிலாவெளி மீனவர் ஒருவரோ, சேருவில விவசாயி ஒருவரோ சுட்டும் பிழை, காணொளியின் கீழ்ப்பகுதியில் புதைந்துபோகாமல் கணக்கை எட்டுவதற்கு ஒரு வழி திறக்கப்பட வேண்டியதே எஞ்சியுள்ளது.