துருவுக்குள் உறங்கும் பாடம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்றொரு ஊர். மின்சாரம் எட்டாத பண்ணை வீடுகளுக்காக, துணி துவைக்கும் இயந்திரத்தோடு சிறிய பெட்ரோல் எஞ்சினையும் பொருத்தி விற்றது அங்கிருந்த மேடேக் நிறுவனம். மிதியைக் காலால் உதைத்தால் எஞ்சின் கிளம்பும். நீண்ட வளைகுழாய் வழியே புகை வீட்டுக்கு வெளியே போகும். 1936-இல் கிராம மின்மயச் சட்டம் வந்து, வயல்களைத் தாண்டி மின்கம்பிகள் வரவர, இந்த எஞ்சின்கள் கொட்டகை மூலைக்குப் போயின. இன்று ஆர்வலர்கள் அவற்றைத் தேடியெடுத்து ஓட வைக்கிறார்கள்.

இது பழம்பொருள் மோகம் மட்டுமல்ல. பொறுமைக்கும் காரணமறிதலுக்கும் நல்ல பயிற்சி. இறுகிய பிஸ்டனைச் சுத்தியலால் அடித்தால் உடையும். எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் காத்திருந்தால் இளகும். பிளக்கில் பொறி வரவில்லையா? பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் மேக்னெட்டோவின் பாயிண்ட் என்னும் தொடுமுனைகளில் படிந்த மெல்லிய படலமே பலமுறை காரணம். நுண்ணிய அரத்தால் இலேசாகத் தேய்த்துத் துடைத்தால் பளிச்சென்று பொறி தெறிக்கும். புது எஞ்சினே எளிதாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். வேலை நடக்கப் புதியது போதும்; ஆனால் அதன் மூடிய பெட்டிக்குள் மின்னணுச் சில்லு செய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. புகை வருமே என்பதும் நியாயமான கவலைதான். அதனால்தான் திறந்தவெளியில் சில நிமிடங்கள் மட்டும் ஓட்ட வேண்டும். பழுதின் காரணத்தைத் தானே கண்டறிந்த கை, எந்தப் பொருளையும் அவசரப்பட்டுக் குப்பையில் எறியாது.