மீன் சாகவில்லை, குஞ்சுதான் இல்லை

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆராய்ச்சிக்கென்றே 1968 முதல் ஒதுக்கிவைத்த ஏரிகள் உண்டு. பலவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவற்றில் 260-ஆம் ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள் ஒரு மருந்தைக் கலந்துவந்தது விஞ்ஞானி கேரன் கிட்டின் குழு. எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற அந்த மருந்து, கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஹார்மோன். ஏரி நீரில் அதன் அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். 1 கிராமை 20 கோடி லிட்டர் நீரில் கரைத்தால் வரும் அளவு.

மீன்கள் செத்து மிதக்கவில்லை. ஆனால் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் ஆண்களிடம் வைட்டெலோஜெனின் என்ற புரதம் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகியது. முட்டையின் மஞ்சள்கருவுக்கு மூலப்பொருள் இது. பெண் மீனின் ஈரல், ஹார்மோன் சொன்னால் இதைச் சுரக்கும். ஆண் மீனுக்கும் இதற்கான மரபணு உண்டு. சொல்ல ஆள் இல்லாததால் சும்மா கிடக்கும். ஏரியில் கலந்த ஹார்மோன் அதைத் தட்டி எழுப்பிவிட்டது. விந்தகம் வளர்ச்சி குன்றியது. சில ஆண்களின் விந்தகத்துக்குள்ளேயே முட்டை செல்கள் தென்பட்டன. பெண் மீன்களிடமும் முட்டை உருவாவது தாறுமாறானது.

இந்த மீனுக்கு ஆயுள் மிகக் குறைவு. ஓரிரு வருடம் குஞ்சு பொரிக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு ஆளில்லை. ஏரியில் அந்த இனம் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அதை இரையாகத் தின்று வந்த பெரிய டிரவுட் மீன்களும் பின்னாலேயே குறைந்தன. மருந்தை நிறுத்திச் சில ஆண்டுகள் கழிந்த பிறகே மின்னோ மீண்டது.

இந்தச் சோதனைக்குத் தூண்டுதல் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்களில் இருபால் உறுப்புகளோடு ரோச் மீன்கள் தென்பட்டிருந்தன. ஆய்வாளர் ஜான் சம்ப்டரும் சகாக்களும் சுத்திகரித்த நீர் வெளியேறும் இடங்களில் ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். அவற்றின் ரத்தத்திலும் அதே புரதம். 1998-இல் வெளிவந்த ஆற்று ஆய்வில், சில இடங்களில் பிடித்த ஆண் ரோச் அத்தனையிலும் பெண்தன்மை இருந்தது.

மாத்திரை விழுங்கும் பெண்களைக் கைகாட்டுவது எளிது, நியாயமில்லை. ஆண், பெண், கால்நடை எல்லார் சிறுநீரிலும் இயற்கைப் பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜென் போகிறது. அந்த ஆறுகளில் அளவில் அதிகம் இருந்ததும் அதுதான். மாத்திரை ஹார்மோன் சொற்பம், வீரியம்தான் கூடுதல். உடல் இவற்றைப் பூட்டிச் செயலற்றதாக்கித்தான் வெளியே அனுப்புகிறது. சாக்கடையில் உள்ள பாக்டீரியா அந்தப் பூட்டைக் கழற்றிவிடுகிறது. வடக்கு இங்கிலாந்தின் ஏர் ஆற்றிலோ முக்கியக் குற்றவாளி ஹார்மோனே அல்ல. கம்பளி ஆலைகளின் சலவை ரசாயனத்திலிருந்து வந்த நோனைல்ஃபீனால். எஸ்ட்ரோஜென் போலவே நடிக்கும் பொருள் அது.

வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் மலத்தையும் அழுக்கையும் மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. நானோகிராமைப் பிடிக்க ஓசோன் அல்லது கரித்தூள் கட்டம் ஒன்று கூடுதலாக வேண்டும். சுவிட்சர்லாந்து 2016 முதல் இதைப் பெரிய நிலையங்களில் சட்டப்படி அமைத்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதே வழிக்கு வந்தது. செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்றது. எங்கள் தலையில் மட்டும் ஏன் என்று கேட்டு மருந்து நிறுவனங்கள் 2025-இல் ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போயின.