பெரியவர் மறந்தார், ஊரும் மறக்கலாமா?

கொடுத்த காசையே மீண்டும் கொடுக்கக் கடைக்காரரிடம் கை நீட்டுகிறார் பெரியவர். பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரம்மா?" என்கிறார். நள்ளிரவில் எழுந்து, மாட்டை அவிழ்க்க வேண்டுமென்று கதவைத் தட்டுகிறார். மாட்டை விற்று இருபது ஆண்டுகள் ஆயின!

வயதானால் புத்தி தடுமாறும் என்பார் சிலர். காற்றுக் கருப்பு என்று வேப்பிலை தேடுவார் வேறு சிலர். இரண்டும் பிழை, தோழர்களே! இது மூளையைத் தாக்கும் நோய். இறந்த பெண்ணொருத்தியின் மூளையை ஆராய்ந்து, ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் 1906-லேயே எடுத்துரைத்தார். நூறாண்டு கடந்த பின்னும் மந்திரிப்பவனுக்குத் தட்சணையா?

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இந்த மறதிநோய் என 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம், நகரத்தைவிடக் கிராமத்தில், படித்தோரைவிடப் படிக்காதோரிடம் அதிகம்! பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடாத சமுதாயம், முதுமையிலும் அவளிடம் வட்டி வசூலிக்கிறது.

நோய் முற்றினால் ஒன்றா, இரண்டா? சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, விழுந்து முறிந்த இடுப்பு, நனைந்த படுக்கை, இல்லாததைக் கண்டு அலறல், ஓங்கும் கை. எல்லாவற்றையும் தாங்குவது யார்? மகள், மருமகள், எழுபது வயது மனைவி. களை பறிக்கும் கூலி போயிற்று, தூக்கமும் போயிற்று. சுமையை அவள் தலையில் வைத்துவிட்டு மன்றத்தில் சமத்துவம் பேசும் தோழரே, உம்மைத்தான் சொல்கிறோம்!

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், கைவிட்ட மகனிடம் பராமரிப்புத் தொகை கேட்க வழி செய்தது. நல்லது. கைவிடாத மகளுக்கு ஒருநாள் ஓய்வு தர அதில் என்ன வழி?

ஜப்பான் 2004-ல் இந்நோயின் இழிவான பழைய பெயரையே மாற்றியது. 2005 முதல் கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்குப் பயிற்சி தந்தது. பயிற்சி நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி! பக்கத்துக் கேரளத்தில் 1992-லேயே இதற்கெனச் சங்கம் பிறந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் குடும்பங்களுக்குத் துணை நிற்கிறது. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்துக்குச் சென்னை எவ்வளவு தூரம்!

ஆகவே ஊர்தான் எழ வேண்டும். கொடி கட்ட ஆள் சேர்க்கத் தெரிந்த நமக்கு, இரண்டு மணி நேரம் திண்ணையில் பெரியவரோடு உட்கார ஆள் சேர்க்கத் தெரியாதா? அந்த இரண்டு மணி நேரம் அந்தப் பெண் தூங்கட்டும்! இரண்டாம் முறை நீட்டிய காசைத் தேநீர்க் கடைக்காரர் வாங்காதிருக்கட்டும். பெரியவர் சட்டைப் பையில் ஊரும் தெருவும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். மாடு விற்றாயிற்று என்று வழக்காட வேண்டாம். "விடியட்டும் ஐயா, அவிழ்ப்போம்" என்றால் போதும். மருத்துவரிடமும் காட்டுங்கள்: தைராய்டு கோளாறும் பி12 சத்துக் குறைவும் இதே வேடம் போடும்; அவற்றுக்கு மருந்துண்டு.

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு வரும் அந்தச் சகோதரி, "மாத்திரை தீர்ந்ததா?" என்பதோடு, "நீ தூங்கினாயா அம்மா?" என்றும் கேட்க ஏற்பாடு வேண்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: மறதிநோயர் உள்ள வீடுகளைக் கணக்கெடு! ஆரம்ப சுகாதார நிலையத்தில் நினைவுச் சோதனை நடத்து! பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை கொடு!