உங்களுக்குத் தெரியுமா? முகாமில் பிறந்தும் இந்தியர்

இலங்கையிலிருந்து தஞ்சம் வந்த தமிழ்ப் பெற்றோருக்கு 1987 ஜூலை 1-க்கு முன் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவர்கள், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். பெற்றோர் எந்த நாட்டவர் என்று சட்டம் கேட்பதில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது.

• அந்தத் தேதி முதல் பிறந்தவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த ஒரு தலைமுறை இந்தியக் குடியுரிமை இல்லாமல் வாழ்கிறது. இது பெரும் அநீதி.

• 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. சோமாலியர்கள் கடல் கடந்து தஞ்சம் புகும் ஏமன் 1980-லேயே சேர்ந்துவிட்டது.

• அடைக்கலம் தருவது, திருக்கோவிலூர் அடங்கிய நடுநாட்டில் பழைய வழக்கம். தன்னிடம் அடைக்கலமாக இருந்த பாரி மகளைச் சங்கப் புலவர் கபிலர் மலையமானுக்கு மணமுடித்துத் தந்ததை அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு கூறுகிறது.

• அகதிகள் முகாம்கள் 2021 முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படுகின்றன. பெயரை மாற்றியது மாநில அரசு. குடியுரிமை வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளது.